இறங்கிப் பேசுங்கள், அண்ணாச்சி!

கேள்வி: இரண்டு லாரிக்காரர்கள் பேசிக்கொள்ள சிட்டிசன் பேண்ட் கைசெட் வைத்திருக்கிறோம். கேரளாவுக்கு லோடு போகையில் ஒரே கரகரப்பு. நாங்கள் பேசுவதும் போய்ச் சேர்வதில்லை. என்ன செய்ய?
– லாரி ஓட்டுநர், சங்கரன்கோவில்

பதில்: முதலில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, செட்டோடு கீழே இறங்கிப் பேசிப் பாருங்கள், அண்ணாச்சி. தெளிவாகக் கேட்டால் குற்றவாளி கேபின்தான். அந்த இரும்புக் கூடு அலையை மறிக்கும்.

அடுத்து எஞ்சினை அணையுங்கள். கரகரப்பு நின்றால் ஆல்டர்னேட்டரைச் சோதியுங்கள். பழிபோட டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது! செல்போன் சார்ஜர், எல்.இ.டி. விளக்குகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

காது கேட்கிறது, வாய்தான் எட்டவில்லையா? செட்டுக்கு சார்ஜ் ஏற்றுங்கள். கேட்பதைவிடப் பேசத்தான் அதிக மின்சாரம் வேண்டும். ஆரியங்காவு மலை குறுக்கே நின்றாலோ எந்த செட்டும் திணறும். வளைவு தாண்டியதும் கூப்பிடுங்கள்.

கூரையில் நீள ஆன்டெனா நட அவசரப்படாதீர்கள். 2005ஆம் ஆண்டு விதிப்படி 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்கு மிகாமல், செட்டோடு சேர்ந்த ஆன்டெனா உள்ள கருவிக்குத்தான் உரிமம் வேண்டாம்.

ஓடும் வண்டியில் பேசும் வேலை கிளீனருக்கு; உங்கள் இரண்டு கையும் ஸ்டியரிங்குக்கு. லோடும் நீங்களும் பத்திரமாக வீடு சேர வேண்டும்!