சின்ன மொதலாளியின் முதல் கார்

நானுஓயா டவுனில் காலை பத்து மணிக்குப் பிறகு போய் நின்றால் சின்ன மொதலாளியைப் பார்க்கலாம். அதற்கு முன் பார்க்க முடியாது, எழும்பியிருக்க மாட்டான். வயது பதினெட்டு, பத்தொன்பது. அப்பாவுக்கு மரக்கறி வியாபாரம். கரட், லீக்ஸ், கோவா ஏற்றிய அவருடைய லொறி இரவோடு இரவாகத் தம்புள்ளைக்குப் போகும். மகனுக்கு இதுவரை ஒரு வியாபாரமும் இல்லை. விரலில் ஒரு கார் சாவி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். கார் பத்தடி தள்ளித்தான் நிற்கிறது. ஆனாலும் பட்டனை அமுக்கி இரண்டு தரம் 'கீக் கீக்' என்று கத்தவிடுவான். கள்ளனுக்குப் பயந்து அல்ல. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டுமே!

இவன் ஒரு ஆள் இல்லை, ஒரு வகை. தலவாக்கலையில் ஹாட்வெயார் கடைக்காரர் வீட்டில் இருப்பான். ஹட்டனில் நகைக்கடைக்காரர் வீட்டில் இருப்பான். அங்கே ஒரே வீட்டில் இரண்டு பேர்கூட உண்டு.

கார் வந்த கதை எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னால் அப்பா வாய் தவறி, "ஆறு ஏ எடுத்தா பைக் எடுத்துத் தாறேன்" என்றிருப்பார். வந்தது இரண்டு. "புள்ள மனசு ஒடஞ்சி போயிரும்" என்று அம்மா கண்ணைக் கசக்க, பைக் வந்துவிடும். உயர்தரம் தொடங்கியதும் பைக்கில் குளிர் அடிக்கும். நுவரெலியாவில் டியூஷன், மழை, பனி, தொண்டைக் கட்டு. அந்த ரோட்டில் நாள் முழுக்க பஸ் ஓடுகிறது. ஆனால் பஸ்ஸில் ஏறினால் இவனுக்குத் தலை சுற்றும். அப்பாயிதான் வழக்கறிஞர்: "என்னடா சம்பாரிச்சி என்ன, புள்ள நனைஞ்சிக்கிட்டு போறான்." பையன் ஒரு நேரச் சாப்பாட்டை ஒதுக்கிவைத்தால் வழக்கு முடிந்துவிடும். பின்னால் குசினியில் அப்பாயி கையால் ரொட்டியும் சம்பலும் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

கணக்கு என்று வந்தால் பையன் அப்பாவையே மிஞ்சிவிடுவான். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்கள் மறுபடி துறைமுகத்தைக் காண 2025 பெப்ரவரி ஆயிற்று. இடையில் இருந்த பழைய வண்டிகளுக்கெல்லாம் விலை ஏறியது. மற்ற நாடுகளில் கார் ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கத் தொடங்கும். இங்கே முன் பம்பர் கழன்ற அல்டோவும் வாங்கிய விலைக்கு மேலே போயிற்று. "அப்பா, இது செலவில்ல, முதலீடு. ஓடினாலும் வெல ஏறும், நின்னாலும் வெல ஏறும்." வாழ்நாள் முழுக்க இரண்டு நாளில் வாடிப்போகும் சரக்கையே விற்றுவந்த மனிதருக்கு, வாடாமல் விலை ஏறுகிற சரக்கு என்றால் சபலம் வராதா? விழுந்துவிட்டார்.

இனி ஓட்டும் அழகு. சீட்டைப் பின்னுக்குச் சாய்த்துப் படுத்த மாதிரி உட்காருவான். ஸ்டியரிங்கில் ஒரு கை, போனில் ஒரு கை. பனிமூட்டத்துக்கென்று தனியாகப் பூட்டிய மஞ்சள் லைட் வெயில் நாளில் எரியும். பிளக்பூல் பக்கம் பனி இறங்கி முன்னால் போகும் பஸ்ஸே தெரியாதபோது அணைந்திருக்கும், ஏனென்றால் பனியில் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? பாட்டுச் சத்தம் காருக்கு முன்பே வளைவைத் தாண்டி வந்துவிடும். அந்த ஏற்றத்தில் ஹோர்னைவிட அதுதான் பாதுகாப்பு என்று ஒரு பஸ் டிரைவர் சொல்வதில் நியாயம் உண்டு. டயர் காற்றுப் போனால் மட்டும் சின்ன மொதலாளி கீழே இறங்கமாட்டான். அப்பாவின் லொறி கிளீனருக்குப் போன் போகும். லீக்ஸ் கட்டு இரண்டை டிக்கியில் போட்டுக் கொண்டுவரச் சொன்னால், "மணக்கும்" என்பான். அந்த மணத்தில்தான் கார் வந்தது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அப்பா உட்பட.

வருடத்தில் ஒரு மாதம் இவனுக்குச் சோதனை. ஏப்ரல் வந்தால் நுவரெலியாவுக்குச் சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் என்று ஊர் நிரம்பிவிடும். கொழும்பிலிருந்து இவனைவிடச் செல்லமாக வளர்ந்தவர்கள் இவன் போஸ்டரில் மட்டும் பார்த்த கார்களில் வந்து கிரகரி வாவியைச் சுற்றுவார்கள். அந்த மாதம் இவனுடைய கார் வீட்டு ஷெட்டைவிட்டு வெளியே வராது. கேட்டால், "சரியான டிராபிக் மச்சான்." எல்லாரும் திரும்பிப் போன பிறகு, மே மாதத்தில், ரதெல்லப் பக்க வளைவுகளில் தனக்கென்று ஒரு மலையேற்றப் பந்தயம் நடத்துவான். போட்டியாளர் கிடையாது. பரிசாகக் கிளட்ச் பிளேட் கருகி, வண்டி கராஜில் நிற்கும்.

2022இல் இந்த வகையைச் சேர்ந்த மூத்த அணிக்கு ஒரு பொற்காலம் வாய்த்தது. பெற்றோல் இல்லை. கியூ.ஆர். அட்டை வந்தபோது வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5, பைக்குக்கு 4. பிழைப்புக்கு ஓடுகிறவனுக்கு ஐந்து, வாவியைச் சுற்றுகிறவனுக்கு இருபது! அதற்கு முந்தைய மாதங்களில் பெற்றோல் ஷெட் வாசலில் இராவிராவாக வரிசை நின்றது. நண்பர்கள், கம்பளி, ஸ்பீக்கர், பொரித்த கடலை சகிதம் சின்ன மொதலாளியும் வரிசையில் கிடந்தான். விடிய ஐந்து மணிக்கு மகன் விழித்திருந்ததை அப்பா கண்ட முதல் தடவை அதுதான். "பயலுக்குப் பொறுப்பு வந்திருச்சி" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

இந்த அப்பாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், செல்லத்தின் ஊற்று அங்கேதான். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பெரிய தொரையின் ஜீப் வந்தால் குடையை மடக்க வேண்டும், சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்று தகப்பனிடம் கேட்டு வளர்ந்தவர். லொறிக் கிளீனராகப் போய் டிரைவராகி, தொண்ணூறுகளில் ஒரு கிழட்டு மொரிஸ் மைனரை வாங்கினார். இங்கிலாந்தில் 1971இலேயே தயாரிப்பை நிறுத்திவிட்ட கார் அது. நம்பர் தகட்டின் நடுவில் 'ஸ்ரீ' இருந்தது. 1958இல் தமிழர்கள் எதிர்ப்புக் காட்டி மலையகத்திலும் தார் பூசி அழித்த அந்தச் சிங்கள எழுத்தைத்தான் இவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பளபளக்க வைத்தார். ஏற்றத்தில் நின்றுவிட்டால் பின் டயருக்குக் கட்டை போட ஒரு ஆள் எப்போதும் கூடவே வர வேண்டும். ஊரெல்லாம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கும்போது ரேடியேட்டர் மட்டும் கொதிக்கும். அந்தக் காரில் அவர் முதல் சவாரியாகப் போனது பழைய தொரை பங்களா கேட் வரைக்கும். அங்கே தொரை இல்லை, காவல்காரன்தான் இருந்தான். ஹோர்ன் அடித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஏன் அடித்தீர்கள் என்று அம்மா இன்றைக்கும் கேட்பதுண்டு. அவர் பதில் சொல்வதில்லை. மகனுடைய கார் சாவி அந்த ஹோர்னின் தொடர்ச்சி என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும். பையன் வெறும் டிரைவர்.

லயத்துப் பக்கம் இதே ஆசை மூன்று சக்கரத்தில் வரும். டெஸ்போர்ட், கிளாசோ, கார்லபேக் என்று எந்தத் தோட்டத்திலும் ஒரு பையன் ஆட்டோ கேட்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்பான். அங்கே கரட் லொறி கிடையாது. அம்மாவின் ஈ.பி.எஃப். உண்டு. சம்பளத்தில் அவளிடம் பிடிக்கும் 8 வீதம், கம்பெனி போடும் 12 வீதம், மலை ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த அத்தனை வருடத்துக் காசு. நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டதே 2021இல்தான், அடிப்படை 1,350 ஆனது 2024இல். ஆண்களுக்கு 55 வயதில் கிடைக்கும் அந்தப் பணம் பெண்களுக்கு 50இல் கிடைத்துவிடும். ஆகவே மகன் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட நினைவு வைக்காத அம்மாவின் பிறந்தநாளை, ஐம்பதாவது நெருங்கும்போது விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பான். பணம் முற்பணமாக லீசிங் கம்பெனிக்குப் போகும். ஆட்டோவின் பின்கண்ணாடியில் 'அம்மாவின் அன்பளிப்பு' என்று எழுதுவான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் ஆட்டோப் பையன் ஆறு மாதத்தில் இந்த வகையிலிருந்து கழன்றுவிடுவான். மாதக் கடைசியில் லீசிங் கட்ட வேண்டும். இரண்டு தவணை தவறினால் சீசிங்காரர்கள் வந்து வண்டியைத் தூக்குவார்கள். கொழும்பு ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் முதல் ஆளாக நிற்பான், வெள்ளைக்காரர்களிடம் சீதா எலிய கோயிலையும் டீ பெக்டரியையும் இங்கிலீஷில் விற்பான். சின்ன மொதலாளிக்கு மாதக் கடைசி என்று ஒன்று கிடையாது.

போன சித்திரையில் ஒரு சின்ன மொதலாளியின் அப்பாவுக்குக் கரட் விலை சரிந்து கையைக் கடித்தது. மகனிடம் சொல்லாமல் காரை விற்றார். நாலு வருடம் ஓடி, இரண்டு கிளட்ச் கருகி, இடப்பக்கக் கதவு நசுங்கியிருந்தும், வாங்கிய விலைக்கு மேல் மூன்று இலட்சம் கூடக் கிடைத்தது. சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் வீட்டில் ஒப்பாரி வரும் என்று அப்பாயி தயாராக இருந்தாள். பையன் அழவில்லை. சாவி வளையத்தை விரலில் சுற்றிக்கொண்டே கடைக்குப் போனான்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல, முதலீடுன்னு? என் கமிஷன் எங்க?"