இலவச ஆலோசனை மீது ஓர் ஆட்சேபணை மனு

அனுப்புநர்: இணையத்தில் சட்டம் பயின்ற குடிமகன் ஒருவன்.

பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, நீதிமன்ற வளாகம்.

பொருள்: இலவசச் சட்ட ஆலோசனை – அளவுக்கு மீறிக் கேள்வி கேட்டல் – ஆட்சேபணை தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. முகநூல் குழுவில் கிடைத்த பதில்கள். 2. ‘அக்காவுக்குப் பங்கு கிடையாது, அதிரடித் தீர்ப்பு!’ என்னும் யூடியூப் காணொளி. 3. தங்கள் அலுவலகத்தில் எனக்கு நேர்ந்தது.

ஐயா / அம்மா,

வணக்கம். என் பிரச்சினை எளியது. அப்பா 2003-இல் காலமானார். ஊரில் ஒரு வீடு இருக்கிறது. அக்காவுக்கு 1987-இல் கல்யாணமாகிவிட்டது. அன்று போட்ட நகை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. இப்போது வீட்டை விற்கலாம் என்றால் அக்கா பங்கு கேட்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. கவனிக்கவும், சட்டம் என்ன சொல்கிறது என்று நான் கேட்கவில்லை.

இரவு பதினோரு மணிக்குக் குழுவில் கேள்வியைப் போட்டேன். பாலைக் குடித்துவிட்டு வருவதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. “1989-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கே கிடையாது, தமிழ்நாட்டுச் சட்டம்” என்றார் ஒருவர். அவருடைய முகப்புப் படத்தில் ஒரு சிங்கம். “2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பங்கு. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு” என்றார் இன்னொருவர். இவர் படத்தில் ரோஜாப்பூ. மூன்றாவதாக ஒரு பெண் வந்து, அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2020 ஆகஸ்டில் மாற்றிவிட்டது, மகள் பிறப்பாலேயே பங்குதாரர், அப்பா அந்தத் தேதியில் இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று எழுதி, வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா என்று வழக்கின் பெயரையும் போட்டார். அவருக்கு ஒரு விருப்பக்குறிகூட விழவில்லை. நானும் போடவில்லை.

சிங்கம் சொன்னதும் ஒரு காலத்தில் சட்டம்தான். 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், அதற்கு முன் கல்யாணமான மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் இடம் தரவில்லை. ரோஜாவின் தீர்ப்பும் 2015-இல் வந்த நிஜத் தீர்ப்பே. ஒரே கேள்விக்கு மூன்று காலத்துப் பதில்கள் கிடைத்ததால், எனக்குப் பிடித்த ஆண்டை நான் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். இப்படியொரு வசதி தங்கள் அலுவலகத்தில் உண்டா?

இந்த நம்பிக்கையோடு, சும்மா ஒரு முத்திரை குத்திக்கொள்ளலாம் என்றுதான் தங்களிடம் வந்தேன். அங்கே உட்கார்ந்திருந்த வழக்கறிஞர் அம்மா பதில் சொல்லவில்லை. கேள்வி கேட்டார். வீடு தாத்தா வழி வந்ததா, அப்பா வாங்கியதா? உயில் உண்டா? பத்திரம் எங்கே? வில்லங்கச் சான்று எடுத்தீர்களா? அப்பா தன் பி.எஃப். பணத்தில் கட்டிய வீடு, உயில் எழுதவில்லை என்றேன். “அப்படியானால் 1989-உம் வேண்டாம், 2005-உம் வேண்டாம். அதெல்லாம் பூர்வீகச் சொத்துக்கு. அப்பா சம்பாதித்த சொத்தில் 1956-லிருந்தே மகளும் மகனும் ஒன்றுதான். கல்யாணம் எப்போது ஆனது என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை” என்றார். பிறகு, “அம்மா இருக்கிறார்களா?” என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். “அப்படியென்றால் அவர்களுக்கும் ஒரு பங்கு.”

பாதியாவது தேறும் என்று போனவனை மூன்றில் ஒன்றோடு அனுப்பி வைத்தீர்கள். அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. சிங்கமும் கேட்கவில்லை, ரோஜாவும் கேட்கவில்லை. அவ்வளவு நாகரிகமானவர்கள்.

வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டம் சொல்கிறதாம். இணைய ஆலோசனையில் அந்த மூடுமந்திரம் எல்லாம் கிடையாது. ‘அப்பா பி.எஃப். பணத்தில் கட்டிய வீடு’ என்று என் கேள்வியிலேயே எழுதியிருந்தேன். ஆலோசனை சொன்னவர்கள் யாரும் அந்த வரியைப் படிக்கவில்லை. அதே குழுவில் இருந்த அக்காவின் மருமகன் மட்டும் படித்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடு குடித்தனக்காரருக்கே சொந்தம் என்று சிங்கம் அடிக்கடி பதிவு போடுவார். வாடகைக்கு வந்தவர் எத்தனை வருஷம் இருந்தாலும் வாடகைக்கு வந்தவரே, உரிமையாளரை எதிர்த்துத் தனக்கே சொந்தம் என்று அனுபவித்தவருக்குத்தான் அந்தக் கணக்கு என்று தங்கள் வழக்கறிஞர் சொன்னார். இருந்தாலும், ஊர் வீட்டில் பதினோரு வருஷமாக இருப்பவர் சமீபத்தில் குழுவில் சேர்ந்திருக்கிறார். வாடகைக்கு ரசீது வேண்டாம் என்கிறார்.

எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்காரர் கதை இதைவிட நீளம். அவர் கொடுத்த செக் திரும்பியது. வக்கீல் நோட்டீஸ் வரும், கையெழுத்துப் போட்டு வாங்காதே, வாங்காவிட்டால் கேஸே நிற்காது என்று குழுவில் சொன்னார்கள். தபால்காரரைத் திருப்பி அனுப்பினார். சரியான முகவரிக்கு வந்த பதிவுத் தபாலை மறுத்தாலும் அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும். உச்ச நீதிமன்றம் 2007-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து பதினைந்து நாளில் பணத்தைக் கட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அந்தப் பதினைந்து நாளும் அவர் வெற்றிக் களிப்பில் இருந்தார். சம்மன் வந்ததும் குழுவில் போய்ச் சொன்னார். கைகூப்பும் படம் போட்டு, “தைரியமா இருங்க ப்ரோ” என்று பதில் வந்தது.

சிங்கம் இன்னும் 420-ஐ விடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, மோசடி 318-ஆம் பிரிவுக்குக் குடிபோய்விட்டது. இதில் அவரை மட்டும் குறை சொல்வது அழகல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் ரத்து செய்த பிறகும், அதே பிரிவில் காவல் நிலையங்கள் வழக்குப் போட்டு வந்ததைக் கேட்டு அதே நீதிமன்றம் 2021-இல் அதிர்ச்சி தெரிவித்தது. சிங்கத்துக்குச் சீருடை இல்லை, அவ்வளவுதான்.

தவறான யோசனை சொன்னால் சிங்கத்துக்கு என்ன ஆகும் என்று தங்கள் வழக்கறிஞர் கேட்டார். ஒன்றும் ஆகாது. அந்த அம்மா தொழிலில் தவறு செய்தால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம், சன்னதைக்கூடப் பறிக்கலாம். பறிப்பதற்குச் சிங்கத்திடம் ஒன்றுமில்லை. அது மட்டுமல்ல. வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று விதி. இணையதளங்கள் வழியாக விளம்பரம் தேடுவதை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் கண்டித்தது. ஆக, சட்டம் தெரிந்தவர் வாயைத் திறக்கக் கூடாது, தெரியாதவருக்கு ஒரு தடையும் இல்லை. நான் யாரிடம் போவேன்?

கிளம்பும்போது அந்த அம்மா கடைசியாக ஒன்று சொன்னார். “குழுவில் கேட்டது தப்பில்லை. எங்களிடம் வரும்போது என்ன காகிதம் எடுத்துவர வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது போதும். ஆனால், கெடு தேதியும் கையெழுத்தும் உள்ள எந்த விஷயத்திலும் அவர்கள் பேச்சை வைத்து ஒன்றும் செய்யாதீர்கள்.” இந்தக் கறார்த்தனம்தான் தங்கள் அமைப்பைக் கெடுக்கிறது.

தங்கள் சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் இலவசமாக இருந்தும் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. பலகை ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கிறது. பயம் இரவு பதினோரு மணிக்கு வருகிறது, தங்கள் கதவு காலையில் திறக்கிறது. நடுவில் உள்ள நேரம் முழுவதும் சிங்கத்துடையது.

ஆகவே தாங்கள் இப்படியே இருக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக, பெண் என்றால் வருமானம் பார்க்காமலேயே இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தரும் தங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவையும், 15100 என்ற உதவி எண்ணையும் எங்கள் ஊர் பேருந்து நிலையத்தில் எழுதிவைத்துவிடாதீர்கள். அக்கா அந்த வழியாகத்தான் வருவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்றில் ஒரு பங்குக்காரன்.