வென்டிலேட்டர் விழாவுக்கு மொய்

வா மாப்ள, உக்காரு. ஆடியில மொய் விருந்து வைக்கப் போறியாம்ல, பூ மார்க்கெட்டுல பேசிக்கிட்டாக. தாராளமா வை. கீரமங்கலத்துல பொறந்துட்டு மொய் விருந்து வைக்கலேன்னா எப்புடி? பத்திரிகையில என்ன போடப் போறேங்கிறதுதான் எனக்கு ஒரே யோசனை. அவனவன் காதணி விழாங்கிறான், புதுமனை புகுவிழாங்கிறான். நீ 'எங்கள் தந்தையாரின் வென்டிலேட்டர் விழா'ன்னு போட்டுரு. நாலு மூலையிலயும் மஞ்சளத் தடவிக் குடு. வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம், பேராவூரணி வரைக்கும் சனம் வரும். கறி மட்டும் கொறைஞ்சிரப்படாது.

மொய்யி தானமில்ல, வட்டியில்லாக் கடன். அது ஒனக்கே தெரியும். இன்னைக்கு ஒன் நோட்டுல எழுதுறவனுக்கெல்லாம் நாளைக்கு அவன் பந்தல்ல நீ திருப்பி எழுதணும், மேக்கொண்டு புது நடைன்னு கூட ஒரு தொகையும் வைக்கணும். ஆக, ஒங்கப்பன் இன்னும் பத்து வருசம் அந்த நோட்டுல உசுரோட இருப்பாரு. ஆஸ்பத்திரி குடுக்க முடியாத ஆயுச மொய் நோட்டு குடுத்துரும். கெட்டிக்காரன்டா நீயி.

நானும் ஆஸ்பத்திரிக்குப் போயி மச்சானப் பாத்தேன். வாசல்ல செருப்பக் கழட்டச் சொல்லி, ஒரு பச்ச அங்கிய மாட்டிவிட்டு, அஞ்சு நிமிசம்னாக. வாயில குழா, மூக்குல குழா, கழுத்துல ஊசி. ரெண்டு கையையும் துணிப்பட்டையால கட்டில் கம்பியோட சேத்துக் கட்டிருக்கு. ஏம்மா இப்புடின்னு நர்சுப் புள்ளகிட்ட கேட்டேன். "தாத்தா குழாயப் புடுங்கப் புடுங்கப் போறாரு, அதான்"னுச்சு. மாப்ள, ஒங்கப்பன் என்ன சொல்றாருன்னு அதுக்கு மேலயுமா ஒனக்கு ஆள் வச்சு வெளக்கணும்?

புத்து ஈரலுக்குப் பரவிருச்சு, இனிமே மருந்து கேக்காது, வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கங்கன்னு தை மாசமே பெரிய டாக்டர் சொல்லிட்டாரு. தலையத் தலைய ஆட்டுன. அப்பறம் ஒருநா ராத்திரி மூச்சு வாங்குச்சு, 108 வந்துச்சு, விடியக்குள்ள ஐசியூ. அங்க ஒரு சின்ன டாக்டரு காகிதத்த நீட்டி, "எல்லாம் பண்ணிரலாமா?"ன்னு கேட்டாரு. அப்புடிக் கேட்டா எந்தப் புள்ள "பாதி பண்ணுங்க"ன்னு சொல்லுவான்? நீயும் கையெழுத்தப் போட்ட. அந்தப் பையனையும் நான் குத்தம் சொல்லல. அவனுக்கும் பயம். எதையாச்சும் விட்டுட்டா நாளைக்கு நாமளே ஆளத் தெரட்டிக்கிட்டுப் போயி கண்ணாடிய ஒடைப்பமே!

இதுல ஒன் தம்பி இருக்கானே, சிங்கப்பூருக்காரன், அவன் வீடியோவுல வந்து, "காசப் பத்திக் கவலப்படாதீக, எதையும் விட்டுறாதீக"ங்கிறான். நாலு வருசமா அப்பன வந்து பாக்காத பாவத்த ஒரே பில்லுல கழுவப் பாக்குறான் பய. கெடக்கட்டும். ஆனா அவன் இருக்கிற சிங்கப்பூர்ல 1996-லயே சட்டம் போட்டாச்சு. பொழைக்க வழியில்லாத கடைசிக் கட்டத்துல எனக்கு மெசின மாட்டாதீகன்னு தெம்பா இருக்கையிலயே எழுதி வச்சுக்கலாம். அங்க வேலை பாக்கத் தெரிஞ்சவனுக்கு அது மட்டும் காதுல விழல.

கஜா அடிச்சுச்சே, 2018 நவம்பரு. நம்ம தோப்புல சாஞ்ச தென்னையப் பூராம் நீதான் சுத்தி வந்து பாத்த. வேரு மண்ணப் புடிச்சிருக்கு, இத நிமித்து. குருத்து முறிஞ்சு போச்சு, இத அறுத்துரு. ஒவ்வொண்ணாத் தொட்டுச் சொன்ன. குருத்து போன தென்னைக்கு முட்டுக் குடுத்து, ஒரம் வச்சு, தண்ணி பாச்சுவோம்னு எவனாச்சும் சொல்லிருந்தா அவனக் கிறுக்கன்னுருப்ப. கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த அறுத்த. பாசமில்லாமயா அறுத்த?

அதுக்காக மெசினே ஆகாதுங்கல. பாம்பு கடிச்சு நாக்கு கொழறி, மூச்சு நின்னுபோன பயலுக இதே வென்டிலேட்டர்ல கெடந்து, வெசம் எறங்குனதும் எந்திரிச்சு வந்து வேலி கட்டுறான். அங்க அது சாமி. ஆத்தக் கடக்குறவனுக்கு ஓடம் வேணும். கரையே இல்லாதவர அதுல கட்டிப்போட்டு வாடகை வாங்குறதத்தான் நான் கேக்குறேன். செலவுக்குப் பயந்து கெழத்தக் கொல்லுங்கன்னும் சொல்லல. விருதுநகர்ப் பக்கம் தலைக்கூத்தல்னு எண்ணெயத் தேச்சு, எளநியக் குடுத்துக் கதைய முடிச்சதாப் பேப்பர்ல போட்டானே, அது கொலை. அங்க செலவுக்குப் பயம். நீ ஊரு வாய்க்குப் பயந்துக்கிட்டு, போறவரப் போகவிடாம வச்சிருக்க.

ஊரு பேசும்தான். "அப்பன ஐசியூவுல கூட வைக்கல"ம்பான். வச்சேன்னா, "எம்புட்டு ஆச்சு?"ம்பான். நீ தொகையச் சொன்னதும் அடுத்தவன் அவுக அப்பனுக்கு அதுக்கு மேல ஆச்சும்பான். கல்யாண மண்டபத்துல வாழமரம் கட்டுற போட்டி போயி, இப்ப கட்டில் வாடகையில போட்டி.

ஊருணிக்குள்ள 81 அடிக்கு நிக்கிற சிவன் செலைக்கு எதுத்தாப்புல, அம்புட்டூண்டு ஒருத்தர் நிக்கிறாரே, நக்கீரரு. நம்மூருக்காரருன்னு பெருமையடிக்கிறம்ல? அந்தச் சாமிகிட்டயே குத்தம்னு சொன்ன ஆளு ஊருல பொறந்துட்டு, நீ வெள்ளக் கோட்டுக்கு முன்னால கையக் கட்டிக்கிட்டு நிக்கிற. ரெண்டே கேள்வி கேளு. இதுனால எங்கய்யா எந்திரிச்சு வீட்டுக்கு வருவாரா, இல்ல நாளு மட்டும் தள்ளுமா? இது ஒங்கய்யாவா இருந்தா நீங்க என்ன செய்வீக? ரெண்டாவதக் கேட்டா நல்ல டாக்டரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துருவாரு.

சட்டம் விடாதும்ப. டீக்கடைப் பேப்பர முழுசாப் படிக்கிறவன்டா நான். பம்பாயில அருணா ஷான்பாக்னு ஒரு நர்சு. 1973-ல ஒரு படுபாவி செஞ்ச கொடுமையில நெனப்பு தப்பி, 2015 வரைக்கும் அதே கேஇஎம் ஆஸ்பத்திரியில கெடந்துச்சு. அந்தப் புள்ளைய விட்டுருங்கன்னு ஒரு அம்மா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனப்ப, "எங்க ஆளு, நாங்க பாத்துக்கிறோம்"னு அங்கன உள்ள நர்சுக தடுத்துட்டாக. கோர்ட்டும் அவுக பக்கம்தான் நின்னுச்சு. அது பில்லுப் போடாத பாசம், அதுக்கு நான் கும்புடு போடுவேன். ஆனா அந்த 2011 தீர்ப்புலதான், பொழைக்காத உசுருக்கு மாட்டுன மெசின எடுக்கலாம்னு ஒரு கதவும் தெறந்துச்சு. 2018 மார்ச்சுல அஞ்சு நீதிபதி உக்காந்து, கவுரவமாச் சாகுறதும் உரிமைதான், முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம்னாக. ஆனா மாஜிஸ்ட்ரேட்டு கையெழுத்து வேணும்னாக. அதுக்குக் காத்துக் கெடக்கிறதுக்குள்ள ஆளே போயிருவான். 2023 சனவரியில அத மாத்தி, நோட்டரியோ கெசட் அதிகாரியோ போதும், ரெண்டு சாட்சி போடணும்னு ஆக்கிட்டாக. எழுதி வைக்காத ஒங்கப்பன் மாதிரி ஆளுக்கும் வழி இருக்கு. குடும்பம் ஒத்துக்கிட்டு, ஆஸ்பத்திரியில ரெண்டு டாக்டர் குழு அடுத்தடுத்துப் பாத்துச் சரின்னு சொன்னா எடுக்கலாம். ஒரு குழு முடிவு சொல்ல 48 மணி நேரம் போதும்னுருக்கு. அத அவுகளாச் சொல்ல மாட்டாக, நீதான் கேக்கணும். பில்லு பாக்கின்னு பொணத்தப் புடிச்சு வைக்கப்படாதுன்னும் மனித உரிமை ஆணையத்தோட நோயாளி சாசனத்துல எழுதியிருக்கு. சும்மா காதுல போட்டு வை.

வீட்டுக்குக் கொண்டாந்தா வலியில துடிப்பாரேங்கிற. அதுதான்டா உருப்படியான கேள்வி, இத மொதல்லயே கேட்டிருக்கணும். புத்துநோய் வலிக்கு மார்பின் இருக்கு, வெல கொள்ள இல்ல. அதுக்கான கசகசாச் செடிய மத்தியப் பிரதேசத்துலயும் ராஜஸ்தான்லயும் சர்க்காரே லைசென்ஸ் குடுத்துப் போடச் சொல்லுது. ஆனா 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்துக்கிட்டு மருந்துக்கடைக்காரன் தொடவே மாட்டான். 2014-ல சட்டத்தத் தளத்தியும் பயம் போகல. கேரளாவுல 1993-லயே கோழிக்கோட்டுல ஆரம்பிச்சு, வீடு வீடாப் போயி படுத்த படுக்கையாக் கெடக்கிறவுகளப் பாக்குறாக. நம்மகிட்டயும் 2021-லேருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல அப்புடி வீட்டுக்கு வந்து பாக்க ஏற்பாடு இருக்கு. போயிச் சொன்னாத்தான வருவாக? சுகர் மாத்திரைக்கு வர்ற புள்ளகிட்ட, "எங்கய்யாவுக்கு வலி தாங்கல"ன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கியா?

எங்கக்காகிட்ட கேட்டேன். மச்சான் நல்லா இருக்கையில என்னக்கா சொன்னாருன்னு. "பலாமரத்தடியில கட்டிலப் போட்டு, வாயில கொஞ்சம் வெத்தலை எச்சி இருந்தாப் போதும்னாருடா"ன்னுச்சு. ஒன்கிட்ட ஏன் சொல்லலேன்னு கேட்டேன். "அவன் எங்கடா எங்கிட்ட கேட்டான்?"

நீ நாளைக்குத் தஞ்சாவூரு போறப்ப என்னையும் ஏத்திக்க. ரெண்டு கேள்வியையும் நான் கேக்குறேன், நீ பக்கத்துல நில்லு. சிங்கப்பூரானுக்கு போன் போட்டு எங்கிட்டக் குடு. பந்தக்காரன் அட்வான்சத் திருப்பித் தரலேன்னா காதணி விழாவா மாத்திக்க, ஒம்பேத்திக்கு இன்னும் காது குத்தலேல்ல?

வர்ற வழியில ஆலங்குடியில நோட்டரி ஆபீசுல ஒரு நிமிசம் நிறுத்து. எனக்கு எழுதணும். "சொத்து யாருக்குங்கய்யா?"ன்னாரு போன தடவ. சொத்து இல்லய்யா, உசுருன்னேன், மனுசன் முழிச்சாரு. சம்மதம் சொல்லுற ஆளா ஒம்பேரத்தான் போடப் போறேன், எம்மகனுக கூத்தடிப்பானுக. சாட்சிக்குத்தான் வெளியாளு வேணும். டீக்கடைக்காரன் போட மாட்டேங்கிறான். அவனுக்கு நான் பாக்கி வச்சிருக்கேனாம், அது தீர்ற வரைக்கும் எனக்கு எல்லாமே பண்ணணுமாம்.