கைராசிக்கார நிறுவனம்

தாடை நோயைக் கண்டறிவதில் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷனைப் போன்ற கைராசி வேறு யாருக்கும் வாய்த்ததாக நான் படித்ததில்லை. நியூ ஜெர்சி மாநிலத்து ஆரஞ்ச் நகரில் அது நடத்தியது ஆஸ்பத்திரி அல்ல, இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்குச் சாயம் பூசும் தொழிற்சாலை.

அங்கே இளம்பெண்கள் தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி, ரேடியம் கலந்த சாயத்தில் தோய்த்து எண்களை எழுதினார்கள். மறுபடி உதடு, மறுபடி சாயம். வேலை அப்படித்தான் கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது. அதே நிறுவனத்தின் வேதியியலாளர்களுக்கோ ஈயத் தடுப்பும் இடுக்கியும் இருந்தன. நோய் வருமுன்பே, யாரைக் காக்க வேண்டும், யாரைக் காக்கத் தேவையில்லை என்று ஆள் பார்த்துப் பிரித்த அந்த நுட்பத்தை என்னவென்று புகழ்வது!

அங்கே சாயம் பூசிய மோலி மாஜியாவுக்கு முதலில் பல்வலிதான். பல்லைப் பிடுங்கினார்கள், புண் ஆறவில்லை. அடுத்த பல், அதற்கடுத்த பல் என்று போய், ஒருநாள் பல் மருத்துவர் மெல்லத் தொட்டதும் தாடையெலும்பே கையோடு வந்துவிட்டது. 1922 செப்டம்பரில் அவர் இறந்தார். இறப்புச் சான்றிதழில் எழுதியிருந்த காரணம் சிபிலிஸ். அந்த ஒற்றைச் சொல்லை நிறுவனம் எவ்வளவு நன்றியோடு பிடித்துக்கொண்டது! இறந்த பெண்ணின் ஒழுக்கத்தில் நோயைக் கண்டுவிட்டால் சாயத்தைச் சோதிக்கும் செலவு மிச்சமல்லவா?

1924இல் ஹார்வர்டைச் சேர்ந்த செசில் டிரிங்கர் வந்து ஆராய்ந்தார். எங்கும் ரேடியத் தூசி, பெண்களின் ரத்தத்தில் கோளாறு என்று எழுதினார். பாவம், அவருக்குக் கண்ணில் பட்டதை எழுதத்தான் தெரிந்தது. அதே அறிக்கையின் பெயரால், எல்லாப் பெண்களும் பூரண நலம் என்று மாநிலத் தொழிலாளர் துறைக்குச் சொல்ல நிறுவனத்தால் முடிந்தது.

பிரடெரிக் பிளின்னையும் மறக்கக்கூடாது. நிறுவனம் அமர்த்திய, மருத்துவப் பட்டம் இல்லாத உடலியலாளர் அவர். அங்கே சாயம் பூசி, தாடையும் முதுகும் சிதைந்துகொண்டிருந்த கிரேஸ் பிரையரைப் பரிசோதித்து, அவர் உடல்நிலை தன்னுடையதைவிட மேல் என்றார். அப்படிப் பார்க்கத் தெரிந்த கண் எந்த மருத்துவக் கல்லூரியிலும் கிடைக்காது.

மற்றவர்கள்தான் மெதுவானவர்கள். நியூயார்க் பல் மருத்துவர் தியோடர் பிளம் ஒரு தாடையைப் பார்த்துவிட்டு, 1924இல் ‘ரேடியம் தாடை’ என்று பெயரிட்டார். மருத்துவ ஆய்வாளர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1925இல் இறந்தவர் எலும்பையும் உயிரோடிருந்தவர் மூச்சையும் அளந்து, கால்சியம் போலவே ரேடியம் எலும்பில் போய்த் தங்குவதைக் காட்டினார். 1927இல் மாஜியாவின் உடலைத் தோண்டியெடுத்தார்கள். எலும்புகளில் கதிரியக்கம் இருந்தது; சிபிலிஸின் சுவடே இல்லை. அந்த அவப்பெயரை அவர் குடும்பம் ஐந்து ஆண்டுகள் சுமந்திருந்தது.

அதே ஆண்டு ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். சிலரால் நடக்கவே முடியவில்லை. வழக்குப் போட வேண்டிய இரண்டு ஆண்டுக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது என்று நிறுவனம் வாதாடியது. பெண்களின் எலும்பில் இருந்ததைக் கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கு இந்தத் தேதிக் கணக்கு மட்டும் பிசகவில்லை. 1928 ஜூனில் ஆளுக்கு 10,000 டாலரும், ஆண்டுக்கு 600 டாலர் உதவித்தொகையும், மருத்துவச் செலவும் தர நிறுவனம் ஒத்துக்கொண்டது. அப்போதும் குற்றம் தன்னுடையது என்று அது சொல்லவில்லை.