அத்தை விட்டுச்சென்ற பணம்

கேள்வி: வயது 34. தனியாக வாழ்கிறேன். "கண்ட புத்தகத்தையும் படித்துப் பெண்ணியம் பேசித்தான் கல்யாணம் நின்றுபோச்சு" என்கிறார் சித்தி. என்ன பதில் சொல்ல?

பதில்: புத்தகத்தின் மேல் சித்திக்கு இருக்கும் நம்பிக்கை பல பதிப்பாளர்களுக்குக்கூட இருக்காது! ஆனால் கணக்கு இடிக்கிறதே. தனி அறை வேண்டும் என்று 1929-இல் எழுதிய வர்ஜீனியா வுல்ஃப் மணமானவர். கணவரோடு சேர்ந்து பதிப்பகமே நடத்தினார். கதைக்குக் கதை கல்யாணத்தில் முடித்த ஜேன் ஆஸ்டின் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1802-இல் வசதியான ஒருவருக்குச் சம்மதம் சொல்லி, மறுநாள் காலையே வேண்டாம் என்றார். ஒரே ராத்திரி யோசனை! அதற்குப் பிறகுதான், 1811 முதல், அவருடைய நாவல்கள் அச்சேறின. முதல் நாவலின் தலைப்புப் பக்கத்தில் பெயர்கூட இல்லை, 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும்.

தனி அறை கேட்ட வுல்ஃபின் அந்த 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலில் எனக்கு மிகப் பிடித்தவர் ஓர் அத்தை. பம்பாயில் குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோகிறார். மருமகளான கதைசொல்லிக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு எழுதிவைத்திருக்கிறார். பெண்களுக்கு ஓட்டுரிமை வந்த சமயத்தில்தான் அந்தச் செய்தியும் வருகிறது. இரண்டில் பணம்தான் பெரிதாகப்பட்டது என்கிறாள் கதைசொல்லி. எனக்கும் அது சரியென்றே படுகிறது. வாடகையைத் தானே கட்டுகிறவளிடம் யார் குரலை உயர்த்த முடியும்?

சித்தியோடு சண்டை வேண்டாம். உங்கள்மேல் அக்கறை இல்லாதவர் இவ்வளவு பேசமாட்டார். அந்தப் புத்தகத்தையே அவருக்கு வாங்கிக் கொடுங்கள், அத்தை வரும் பக்கத்தில் ஒரு மயிலிறகு வைத்து.