கூடல்வாயும் எண்பது பக்க நோட்டும்

எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றும் திட்டம் தொடங்கி இது ஏழாவது ஐப்பசி. திட்டம் நல்ல நிலையில் இருக்கிறது. கூரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அக்ரஹார வீடு. அகலம் 18 அடி. நீளம், வாசலில் கூப்பிட்டால் கொல்லைக்குக் கேட்காத அளவு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு சுவர் பொது. ஓடும் ஏறக்குறைய அப்படித்தான். எங்கள் ஓடு எங்கே முடிகிறது, பக்கத்து வீட்டு ஓடு எங்கே தொடங்குகிறது என்று யாரும் சரியாகச் சொன்னதில்லை. குரங்குகளும் அந்த வம்புக்குப் போகாமல் எல்லா வீட்டு ஓட்டையும் சமமாக உடைக்கின்றன.

முன்கட்டில் நாட்டு ஓடு. கொல்லைப் பக்கம் தாத்தா போட்ட சீமை ஓடு. அதில் ஒன்று ஒருநாள் நழுவி விழ, எடுத்துப் பார்த்தேன்: 1865 என்று அச்சு. அன்றிலிருந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வீட்டின் வயதைச் சொல்லி, ஓட்டையும் காட்டி, காபியும் கொடுத்து அனுப்பினேன். சம்பந்தி வந்தபோது ஓட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மங்களூர்ல பாசெல் மிஷன்காரா ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்ச வருஷமாச்சே" என்றார். காபி ஆறுவதற்குள் வீட்டுக்கு அறுபது வயது குறைந்துவிட்டது.

இப்படிப்பட்டவன் திட்டம் போட்டால் எப்படி இருக்கும்? எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். மொத்தமும் சீமை ஓடாக மாற்றுவது என்று முதல் பக்கத்தில் தீர்மானம். டேப்பைப் பிடித்துக்கொண்டு கூடம், ரேழி, தாழ்வாரம் எல்லாம் தவழ்ந்து அளந்ததில் 1,200 சதுர அடி. நூறு சதுர அடிக்குச் சுமார் 135 ஓடு வீதம் 1,620 ஓடு. கீழே இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டேன். ஓடு வேய்கிறவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"தரையை அளந்தீங்களா சாமி?"

"ஆமாம்."

"ஓட்டைத் தரையிலயா பரப்பப் போறோம்?"

கூரை சரிவாக இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஐம்பத்தெட்டு வருஷமாக அதன் கீழேதான் படுத்திருக்கிறேன். முப்பது டிகிரி சரிவுக்குப் பரப்பு ஏழில் ஒரு பங்குக்கு மேலேயே கூடுகிறது. என் கணக்கில் 250 ஓடு குறைந்தது. அடிக்கோட்டை அடிக்க இன்னொரு கோடு போட்டேன்.

ஆனால் வீட்டின் உண்மையான வியாதி கூடல்வாயில். முற்றத்து மூலையில் இரண்டு சரிவும் சேரும் பள்ளம் அது. இரு பக்கத்து மழையும் அங்கேதான் வந்து இறங்கும். ஓடு ஒன்று விலகினால் போதும். ஏணி வைத்து ஏறி அங்கிருந்த பனங்கையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். வைரம் பாய்ந்த பனை என்று அப்பா பெருமைப்பட்ட மரம். விரல், வெந்த சேனைக்கிழங்கில் போவது போல உள்ளே போயிற்று. கரையான் உள்ளிருப்பதையெல்லாம் தின்றுவிட்டு, குடும்ப கௌரவத்துக்காகத் தோலை மட்டும் விட்டு வைத்திருந்தது. விரலை எடுக்கத் தோன்றாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். எடுத்தால் கூரை வருமோ என்று பயம்.

பெங்களூரிலிருந்து மகன் போனில், "காங்கிரீட் போட்டுடுங்கோப்பா" என்கிறான். மண் சாந்தில் எழுப்பிய பொதுச்சுவர் மீது காங்கிரீட் ஏற்றினால், என் வீட்டோடு நிற்காது. தெருவே சேர்ந்து உட்காரும்.

பக்கத்து வீட்டு மாமா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தூம்பை இடம் மாற்றலாமா என்று கேட்கத்தான் போனேன். "எங்காத்து மழைத்தண்ணி உங்காத்து முற்றத்துல அறுபது வருஷமா விழறது. 1882ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டப்படி இருபது வருஷமே போதும்" என்றார். பத்து வாளி தண்ணீர் உரிமையாகிப்போனதைத் தெரிந்துகொண்டு வீடு திரும்பினேன்.

நாள் பார்ப்பது தனி அத்தியாயம். சித்திரையில் ஆரம்பிக்கலாமென்றால் அக்னி நட்சத்திரம் குறுக்கே வரும். ஆடி கூடாது. ஆவணியில் பணம் இல்லை. புரட்டாசி யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஐப்பசி வந்து, கூடத்தில் அண்டா, குண்டான், அடுக்கு எல்லாம் தத்தம் இடத்தில் உட்கார்ந்துவிடும். எந்தப் பாத்திரம் எங்கே என்பது என் மனைவிக்கு மனப்பாடம். மழை இருட்டினாலே, நிமிர்ந்து பார்க்காமல் வைத்துவிட்டுப் போவாள்.

இந்த ஐப்பசியில் குண்டான் நிரம்பி, ஊஞ்சல் பலகைக்கும் சொட்ட ஆரம்பித்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் போன ஓட்டுக்காரரை நிறுத்தினாள். கூடல்வாயில் தகரம் வைத்து, நாலு கை மாற்றி, முன்கட்டுக்குப் பழைய நாட்டு ஓட்டையே பொறுக்கி அடுக்கி, குறைந்த இடத்துக்கு மட்டும் புதிது. தை இரண்டாவது வாரம். மாமா வீட்டுத் தண்ணீர் மாமாவின் உரிமைப்படியே விழட்டும். கீழே ஒரு தொட்டி கட்டிக்கொள்ளலாம். மாமியிடமும் பேசியாயிற்று. பத்து நிமிஷம்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஏன்னா, கூரை பிரிச்சிருக்கற நாலு நாளும் குரங்கு உள்ளே எறங்காம முற்றத்துல கம்போட உட்காருங்கோ. நோட்டை மட்டும் கொண்டு வராதேள்."

கம்பு எத்தனை அடி இருந்தால் முகடு வரை எட்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை சரிவையும் சேர்த்திருக்கிறேன்.