போல்டானவர்கள் சங்கம்

சேலம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் மாம்பழம் என்பார்கள். கொஞ்சம் வயதானவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸை இழுப்பார்கள். 2020 ஐ.பி.எல்.லுக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "யார்க்கர் நடராஜன் ஊரா?"

"பக்கத்துலதாங்க" என்பேன். சின்னப்பம்பட்டிக்கு எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனால் அது சேலம் மாவட்டத்துக்குள் செல்லுபடியாகிற கணக்கு. சென்னையில் கேட்டால் அடுத்த ஊர். டெல்லிக்குப் போகிற ரயிலில் ஒருவர் கேட்டார். ஆக்ரா தாண்டுவதற்குள் நடராஜனும் நானும் ஒரே தெருவுக்குக் குடிவந்துவிட்டோம்.

நானாவது தூரத்தைத்தான் குறைத்தேன். என் பெரியப்பா மகன் சரித்திரத்தையே திருத்தினான். டென்னிஸ் பால் மேட்ச்களில் நடராஜனை எதிர்த்து ஆடியவன் என்பது அவன் கட்சி. 2017இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு ஏலம் எடுத்தபோது, "அந்தப் பையன் பந்தையா? கோயில் மதிலுக்கு அந்தாண்ட அடிச்சிருக்கேன்டா" என்றான். 2020 நவம்பர் 6, அபுதாபி. டிவில்லியர்ஸ் காலடியில் இறங்கிய யார்க்கர் ஸ்டம்பைப் பெயர்த்தது. மறுநாள் காலை சிக்ஸர் வாபஸ். "இதே பால்தான். நானும் இப்படித்தான் போனேன்!"

அதோடு மாவட்டத்தில் நடராஜனை அடித்தவர்கள் பூண்டோடு காணாமல் போனார்கள். எல்லோரும் போல்டானவர்கள். டீக்கடையில் அதிலும் சாதி பிரித்தார்கள்: மிடில் ஸ்டம்ப் போனவருக்கு பெஞ்சில் இடம், லெக் ஸ்டம்ப் போனவர் ஓரம், எல்.பி.டபிள்யூ. ஆசாமி நின்றுகொண்டே குடிக்க வேண்டியதுதான்.

அந்த வருஷக் கடைசியில் நெட் பவுலராக ஆஸ்திரேலியா போனவர், ஒருத்தருக்குத் தோள்பட்டை, இன்னொருத்தருக்கு முதுகு என்று அணியில் அடிபட அடிபட உள்ளே வந்தார். கான்பெராவில் ஒருநாள் போட்டி, டி20, ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். பெரியம்மா கேட்டது இவ்வளவுதான்: "எடுபிடியா கூட்டிட்டுப் போயி பந்தியில உக்கார வச்சிட்டாங்களா?" இதைவிடச் சுருக்கமாக எந்த வர்ணனையாளரும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியபோது சாரட் வண்டியில் ஊர்வலம். சேவாக் அந்த வீடியோவைப் பகிர்ந்தார். அதில் கூட்டத்துக்கு நடுவே ஓர் அரைக் காது தெரியும். அது தன்னுடையது என்று பெரியப்பா மகன் நிறுத்தி நிறுத்திக் காட்டுவான். கொரோனா காலம், மாஸ்க் போட்ட கூட்டம். காதை விட்டால் வேறு அத்தாட்சி ஏது?

நடராஜனோ, தன்னைத் தூக்கிவிட்ட ஜெயப்பிரகாஷுக்கு நன்றியாக 'ஜேபி நட்டு' என்று ஜெர்சியில் போட்டு ஆடியவர். ஊரிலேயே மைதானம் கட்டி, 2023இல் தினேஷ் கார்த்திக்கைக் கூட்டிவந்து திறந்தார். உறவு கொண்டாட எங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அந்த மைதானத்தில் மகனைச் சேர்க்கலாம் என்று போன மாசம் பெரியப்பா மகன் பேச்செடுத்தான். பையன், தான் பேட்ஸ்மேன் ஆகப் போவதாகச் சொன்னான்.

"ஆயிக்க. ஆனா அவரு பந்து போட்டா ஒழுங்கா போல்டாயிரு. இந்த வயசுல ஏதாவது அடிச்சுகிடிச்சு வச்சு, டீக்கடையில அப்பன் உக்காந்திருக்கிற எடத்தைக் கெடுத்துராத."